ஆபீசர் பார்த்த பக்கம்

"எல்லாம் முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"செய்ய வேண்டியதெல்லாம்."

"யாரு செஞ்சா?"

"நான்தான். அக்கா கூட இருந்தாங்க."

"பொண்ணா?"

"ம்."

"யாரு மாதிரி இருந்தா?"

"நீ தூங்கு. உடம்பு தேறட்டும்."

"சரி."

மூன்று வருடங்களுக்கு முன்னால், மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் என் கணவரிடம் பேசிய பேச்சு இது. எட்டாம் மாதத்தில் மயக்க மருந்து கொடுத்து என்னை உள்ளே கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது சாயங்காலமாகியிருந்தது; குழந்தை போய்விட்டிருந்தது. பக்கத்தில் அவர் மட்டும் இருந்தார். குளித்து, சட்டை மாற்றி வந்திருந்தார். ஆனால் நகக்கண்ணில் மண் இருந்தது.

அடுத்து நான் கேட்டிருக்க வேண்டியது, "எங்க?" என்பதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவர் என் போர்வையை இழுத்துச் சரி செய்தார். கை அப்படி நடுங்கியது. அதைப் பார்த்ததும் வாய் தானாகச் "சரி" என்று சொல்லிவிட்டது.

சொன்ன சரியைத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை.

எனக்கு வேலை பால் சேகரிப்பு நிலையத்தில். காலையும் மாலையும் வரிசையாகக் கேன்கள் வரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் எல்லாருக்கும் நான் டெஸ்ட்டம்மா. வீட்டிலும் அதே பெயர்தான். "டெஸ்ட்டம்மா, இந்த டீயில பால் எங்க இருக்குன்னு உன் மிஷின்ல போட்டுக் கண்டுபிடிச்சுக் குடு" என்பார் இவர். அவருக்கு மாடுகள்தான் உலகம். ஐந்து மாடு, வாய்க்கால் ஓரமாக இரண்டு ஏக்கர் நிலம், மேட்டில் ஒரு கிணறு.

அந்த நகக்கண் மண்ணையும் நான் மனசுக்குள் எத்தனையோ தடவை டெஸ்ட் செய்து பார்த்திருக்கிறேன். எங்கள் நிலத்தில் வாய்க்கால் பக்கம் கறுப்புக் களிமண், மேட்டுப் பக்கம் செம்மண். எந்த மண் என்று தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. ஆனால் ஈரமாக இருந்தால் எல்லா மண்ணும் கறுப்பாகத்தான் தெரியும். தவிர, எங்கள் நிலத்து மண்தானா? டவுனிலேயே எங்காவது வைத்துவிட்டு வந்தாரா? அதுகூட எனக்குத் தெரியாது.

கேட்க முயற்சி செய்யாமல் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று தொழுவத்துக்குப் போனேன். புல் வெட்டும் மிஷினைப் பிரித்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாடிக்கொண்டும் இருந்தார். அவருக்கு எந்தப் பாட்டிலும் முதல் வரிதான் தெரியும். மீதியைச் சொந்தமாகக் கட்டிவிடுவார். ஆறு மாதமாகப் பாட்டுக்கு வாயைத் திறக்காத மனிதர் அன்றைக்குத்தான் பாடினார். நான் வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன?" என்றார்.

"தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் பழையபடி ஆனோம். சாயங்காலம் பால் வேலை முடிந்ததும் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு டீ குடித்தோம். கொய்யா மரத்தில் ஒரு பழம் பறித்து, பேனாக்கத்தியால் இரண்டாக வெட்டி, உப்புத் தொட்டுச் சாப்பிட்டோம். பெரிய பாதி யாருக்கு என்று சண்டை போட்டோம். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த நிலத்தில் நடக்கும்போது நான் பாதத்தை அழுத்தி வைப்பதில்லை. ஒவ்வொரு அடியையும் யாரோ தூங்கும் அறைக்குள் வைப்பது போல வைப்பேன். "ஏன் இப்படிப் பூனை மாதிரி நடக்கிற?" என்று ஒரு தடவை கேட்டார். "செருப்பு கடிக்குது" என்றேன். அடுத்த நாளே புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இன்னொன்றும் மாறியிருந்தது. காலையில் பால் கறக்கும் முன் அவர் தொழுவ வாசலில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். மந்திரம், ஸ்தோத்திரம் எதுவும் கிடையாது. பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுவது போலக் கடவுளிடம் பேசுவார். முன்பெல்லாம் நானும் பக்கத்தில் நிற்பேன். ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்ப்பேன். அவரும் ஒரு கண்ணைத் திறந்து, நான் பார்க்கிறேனா என்று பார்ப்பார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அந்த நேரத்துக்குக் கேன் கழுவும் தொட்டிக்குப் போய்விடுவேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் நிறையக் கேள்விகள் இருந்தன. அத்தனையும் அவருடைய பக்கத்து நிலத்துக்காரருக்கு.

போன திங்கட்கிழமை விடியலில் ஆபீசர் கன்று போட்டாள்.

ஆபீசர் என்பது எங்கள் மூத்த பசு. யார் தொழுவத்துக்குள் வந்தாலும் மோந்து பார்த்து, மேலும் கீழும் பார்த்து, தலையை ஆட்டினால்தான் உள்ளே விடுவாள். கால்நடை டாக்டரம்மாவையே ஒரு தடவை கால்மணி நேரம் வெளியில் நிற்க வைத்தவள். அன்றைக்குக் கன்று பின்புறமாக வந்தது. டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து, முழங்கைக்கு மேல் கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் போராடினார். கடைசியில் கயிறு கட்டி மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். கன்று வந்தது, மூச்சு இல்லை. வைக்கோலால் தேய்த்தோம், தலைகீழாகத் தூக்கி உதறினோம், மூக்கில் ஊதினோம். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது இவர் ஒரு காரியம் செய்தார். ஆபீசர் கழுத்தைத் திருப்புவதற்குள், கன்றைச் சாக்கில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார். "பாக்க வேணாம், பாக்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் ஈர வைக்கோலில் உட்கார்ந்தபடியே அந்த முதுகைப் பார்த்தேன். அன்றைக்கும் இப்படித்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்று தோன்றியது. இதே வேகத்தில்தான் போயிருப்பார்.

ஆபீசர் கழுத்தைத் திருப்பி, திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தாள். கத்தவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். முன்கால் ஊன்றியது, பின்னங்கால்கள் வரவில்லை.

டாக்டரம்மா நரம்பில் மருந்து ஏற்றினார். "இழுத்ததுல இடுப்பு நரம்பு அழுந்தியிருக்கு. ரெண்டு மூணு நாள்ல தெம்பு வரலாம். வராமலும் போகலாம். ஒரே பக்கமா படுக்க விடாதீங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும். கீழ வைக்கோல் கனமா இருக்கட்டும்" என்றார்.

ஐந்நூறு கிலோ மாட்டை இரண்டு பேர் புரட்டுவது ஒரு வித்தை. முன்காலை மடக்கி, பின்காலில் கயிறு போட்டு அடிப்பக்கமாக இழுத்துவிட்டு, தோளில் ஒருவரும் இடுப்பில் ஒருவரும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். அந்த ஒரே நேரம்தான் எங்களுக்கு வரவே இல்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. தள்ளினியா?"

"நீங்க ரெண்டுலயே தள்ளிட்டீங்க."

"மூணுல தள்ளணும்னு யாரு சொன்னா?"

"உலகமே சொல்லுது."

"உலகம் வந்து மாடு புரட்டட்டும். நம்ம வீட்டுல ரெண்டுதான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடுத்த தடவை நான் இரண்டில் தள்ள, அவர் எனக்காக மூன்று வரை காத்திருந்தார். ஆபீசர் எங்கள் இரண்டு பேரையும் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இப்படி ஒரு ஆபீசில் வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்திருப்பாள்.

இடப்பக்கம் புரட்டினாலும், வலப்பக்கம் புரட்டினாலும், கொஞ்ச நேரத்தில் கழுத்தை வளைத்துப் பின்கதவைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். கதவை மூடி வைத்தோம். மூடிய கதவையே பார்த்தாள். இவர் கன்றை அந்தப் பக்கம்தான், தொழுவத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில், புதைத்திருந்தார். மாட்டுக்கு அது தெரியாது. ஆனால் எந்தப் பக்கமாகப் போயிற்று என்று தெரிந்திருந்தது. அவளுக்குத் தீவனம் நீட்டும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்பு. உனக்குத் திசையாவது தெரியுதேடி.

செவ்வாய்க்கிழமை அண்ணி வந்தார். இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மூன்றடுக்குத் தூக்கில் சாப்பாடு கொண்டு வந்து, என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி வைத்தார்.

"மாட்டுக்கு முன்னாடி நீ படுத்துடுவ போலிருக்கு. கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா?"

"மாடு கண்ணாடி கேக்கல அண்ணி, அதான் வைக்கல."

"வாய் மட்டும் குறையல." தூக்கைத் திறந்தவர் ஆபீசரைப் பார்த்தார். "கத்துச்சா?"

"கத்தல. அந்தக் கதவையே பாத்துக்கிட்டிருக்கு."

"ரெண்டு நாள் பாக்கும், அப்புறம் மறந்துடும். தம்பி காட்டாம எடுத்தது நல்லதாப் போச்சு. பாத்திருந்தா நக்கிக்கிட்டே கிடந்திருக்கும். கண்ணால பாக்காத வரைக்கும் மனசு ஒரு மாதிரி..."

நிறுத்திவிட்டார். தட்டில் சோறு போடும் கையும் நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அண்ணி பார்த்திருக்கிறார். எந்த இடம் என்று அண்ணிக்குத் தெரியும். இப்போது கேட்டால் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, சொல்லிவிடுவார். கல்மனசுக்காரி இல்லை.

"சாப்பிடு, ஆறிடும்" என்றார் மெதுவாக.

சாப்பிட்டேன். அண்ணியிடம் கேட்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டால், இடம் தெரிந்துவிடும். ஆனால் அவர் என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது அப்படியே இருக்கும். பிறகு நான் அவருக்குத் தெரியாமல் அங்கே போய் நிற்க வேண்டும்; நிற்பதை மறைக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு மறைப்பு இருந்தால் போதும்.

புதன்கிழமை ஒரு மணி நேரம் நல்லபடியாகப் போயிற்று. மத்தியானம் ஆபீசரைப் புரட்டிவிட்டு, வைக்கோல் கட்டுமேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். இவர் ரேடியோவைத் திருகி ஏதோ பாட்டு வைத்தார். பையிலிருந்து ஒரு கொய்யாப் பழம் எடுத்து வெட்டினார். நான் என் பாதியில் உப்புத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போது, மூன்று நாளாகத் தீவனத்தை மூக்கால் தள்ளிவிட்ட ஆபீசர் கழுத்தை நீட்டி, சொரசொர நாக்கால் என் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். மென்று விழுங்கிவிட்டு உள்ளங்கையில் ஒட்டிய உப்பையும் நக்கினாள்.

"பாத்தியா, லஞ்சம் வாங்கிட்டாங்க! இனிமே பைல் நகரும்" என்று இவர் கத்தினார்.

"உங்க பாதியையும் குடுங்க."

"நான் என்னத்தச் சாப்பிடறது?"

"வைக்கோல் இருக்கு."

கொடுத்தார். அதையும் தின்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறியது. ரேடியோ பாட்டின் இரண்டாவது வரியில் இவர் தன் சொந்த வரியைப் பாட ஆரம்பித்தார். வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். எழுந்துவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும், ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை என்று.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா அகலமான பெல்ட் கொண்டு வந்தார். வயிற்றுக்கு அடியில் கொடுத்து, உத்தரத்தில் சங்கிலி மாட்டி மெதுவாகத் தூக்கினோம். முன்கால்கள் நின்றன. இவர் பின்னங்கால்களைக் கையால் பிடித்து நேராக ஊன்ற வைத்தார். "நில்லுடா கண்ணு, நில்லு நில்லு." கையை எடுத்ததும் கால்கள் நனைந்த துணி மாதிரி மடங்கின. மறுபடி ஊன்ற வைத்தார். மறுபடி மடங்கின. ஏழெட்டுத் தடவை இருக்கும். டாக்டரம்மா சங்கிலியை இறக்கினார்.

வியாழக்கிழமை காலையில் நான் கேன் தொட்டிக்குப் போகவில்லை. இவர் ஆபீசரின் இடுப்பில் கை வைத்துக் கண்ணை மூடி நின்றார். ஒரு நிமிஷம் இல்லை, வெகு நேரம். கையிலிருந்த கேனோடு நான் பின்னாலேயே நின்றேன்.

"என்ன கேட்டீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "எழுந்திருக்கட்டும்னு கேட்டேன்."

"அன்னிக்கும் கேட்டீங்களா?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. ஆபீசரின் முதுகில் ஒட்டிய வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"கேட்டேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து கேட்டேன்."

"அப்புறமும் எப்படித் தினம் கேக்கறீங்க? காது கேக்காதவங்ககிட்ட நாமகூட ரெண்டு தடவைக்கு மேல பேசமாட்டோம்."

"எனக்குத் தெரியல. வேற யாருகிட்டப் போய்க் கேக்கறதுன்னும் தெரியல." வைக்கோல் எடுப்பதை நிறுத்தவில்லை. "நீ டெஸ்ட் பண்றவ. எனக்கு அதெல்லாம் வராது. பேசாம இருந்தா பயமா இருக்கு, அதான் பேசறேன்."

நான் கேனைக் கீழே வைத்தேன். அதற்கு மேல் கேட்டிருக்கலாம். அவருடைய கழுத்து மெலிந்திருந்ததும், நான்கு நாளாகச் சவரம் செய்யாத கன்னத்தில் வெள்ளை முடி தெரிந்ததும் கண்ணில் பட்டன. "டீ போடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்து பார்த்தார். ஆபீசரின் தொடையில் தோல் உரிந்து புண் விழுந்திருந்தது, மூச்சு வாங்கியது. கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"நீங்க செய்யறதுக்கு மேல யாரும் செய்ய முடியாது. நான் சத்தியமாச் சொல்றேன். ஆனா இனிமே அதுக்கு வலி மட்டும்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். ஒரு ஊசி. தூங்கற மாதிரி போயிடும்."

இவர் டாக்டரம்மா கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"குழி முன்னாடியே எடுத்து வெச்சிடுங்க. ஆழமா இருக்கணும். கண்ணுக்குட்டி கிடக்கற இடத்துல வேணாம், கிணறு பக்கத்துல இருக்கு. புரியுதுங்களா?"

"புரியுதுங்க."

ஸ்கூட்டர் போன பிறகும் அவர் அதே இடத்தில் நின்றார். "உயிரோட இருக்கும்போதே குழி எடுக்கணுமாம்" என்றார், ஏதோ தப்பாகக் காதில் விழுந்துவிட்டது போல.

மூன்று மணிக்கு மண் அள்ளும் வண்டி வந்தது. ஓட்டுகிறவரை எல்லாரும் மஞ்சவண்டி என்று கூப்பிடுவார்கள். வாய் ஓயாத, நல்ல மனிதர்; எங்கள் கிணற்றைத் தூர் வாரியவர். சத்தம் கேட்டதும் ஆபீசர் காதைத் திருப்பினாள். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. எழுந்திருக்க முயற்சி செய்தாள். நான் நெற்றியைத் தடவி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். பின்கதவைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இந்த நான்கு நாளில் மறக்கவில்லை. அண்ணி சொன்னது தப்பு.

போய் இடத்தைப் பார்க்கலாம் என்று நானும் எழுந்து போனேன்.

மஞ்சவண்டி வரப்பில் நின்று கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த மேட்டு மூலையில எடுத்துடலாமா? தண்ணி நிக்காது."

"அங்க பாறை" என்றார் இவர். "ரெண்டடிக்கு மேல போகாது."

"சரி, இந்தத் தீவனப் புல்லு ஓரமா?"

"பைப் போகுது."

"அப்ப வேற எங்க? வாங்க, அந்தக் கொய்யா மரத்துப் பக்கம் போடுவோம். மண்ணு வெண்ணெய் மாதிரி இருக்கும். அரை மணி நேர வேலை."

"அங்க வேணாம்."

"ஏண்ணே? வேரு போகுதுன்னா பத்தடி தள்ளிப் போட்டுக்கறேன்."

"வேணாம்னு சொல்றேன்ல."

குரல் உயர்ந்துவிட்டது. இவர் யாரிடமும் குரலை உயர்த்துகிறவர் இல்லை. மஞ்சவண்டி என்னைப் பார்த்தார். நிலைமையை லேசாக்க வேண்டும் என்று நினைத்திருப்பார், பாவம். வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப பாலத்துக்கு இந்தாண்ட?"

"வேணாம்."

"பாலத்துக்கு அந்தாண்ட?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று.

"என்னண்ணே இது! எங்க கை காட்டினாலும் வேணாங்கறீங்க. தங்கம் கிங்கம் புதைச்சு வெச்சிருக்கீங்களா? சொல்லுங்க, ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஏனென்றால் இவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. முழங்கால்மேல் கையை வைத்து, தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் சாணமும் ஈர வைக்கோலும் அள்ளியதில் நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது.

கொய்யா மரம். மூன்று வருடமாகப் பழம் பறித்துத் தின்ற மரம். பாலம். காலைத் தொங்கவிட்டு டீ குடித்த பாலம். இரண்டில் ஒன்றா, இரண்டும் இல்லையா, எனக்குத் தெரியவில்லை. நான் நின்ற இடத்தில் ஒரு காலைத் தூக்கி, வைக்கத் தெரியாமல், மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

மஞ்சவண்டி எதையோ புரிந்துகொண்டது போல, "டீசல் பாத்துட்டு வர்றேன்" என்று வண்டிப் பக்கம் நடந்தார். தொழுவத்திலிருந்து ஆபீசர் முதல் தடவையாகக் கத்தினாள். நீளமாக இல்லை, ஆளைக் கூப்பிடுவது போல ஒரு சின்னக் குரல். அவளுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அவளுடைய கதவை யாரும் திறக்கப் போவதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட எங்கள் இரண்டு பேராலும் முடியாது.

நான் போய் அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தேன். அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நடுங்கியது. அன்றைக்கும் இதே கைதான் போர்வையைச் சரி செய்தது. அதைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன். இன்றைக்கும் நடுங்கத்தான் செய்தது. நான் விடவில்லை.

"ஏங்க."

"ம்."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன். நீங்க பயப்படாதீங்க."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"பாப்பாவ எங்க வெச்சீங்க? என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."